ஐந்து சாதமும் இரண்டு சுங்கச்சாவடியும்

ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் வெண்திட்டு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கு முனையில் ஒருத்தி மிளகாய் தாளித்தால் மேற்கு முனையில் தும்மல் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் அதற்கு ஓர் அரசர் இருந்தார். அவருக்கு அமைச்சர்களும், அமைச்சர்களுக்கு ஆசனங்களும் குறைவில்லாமல் இருந்தன.

திட்டில் நெல் விளைந்தது, தென்னை காய்த்தது. துவரம்பருப்பு, உளுந்து, புளி, வெல்லம், மிளகாய், எண்ணெய் எல்லாம் அக்கரையிலிருந்து படகில் வந்தன. அக்கரையில் பல ஊர்கள் சேர்ந்து ஒரே சந்தையாக இருந்தன. வெண்திட்டும் அதில் ஓர் ஊர். சுங்கம் கிடையாது, சோதனை கிடையாது. படகுக் கூலியைக் கொடுத்தால் மூட்டை வீட்டுவாசலுக்கு வந்துவிடும்.

இப்படி இருக்கையில், வணிக அமைச்சர் அடலேறு ஒருநாள் மைதானத்தில் மேடை போட்டுப் பேசினார். "சந்தையில் எந்த எடைக்கல் வைப்பது என்பதைக்கூட அக்கரைக்காரர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எத்தனை காலம் பொறுப்பது? நம் உலை, நம் தீ! சந்தையை விட்டு வெளியேற விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்!"

கூட்டத்தில் நின்ற சொர்ணவல்லி சட்டென்று கையை உயர்த்தினாள். தன் அடுப்பில் இன்னொருத்தி வந்து அகப்பையை விட்டால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? அவள் கணவர் கோதண்டமும் உயர்த்தினார். அவர் எப்போதும் மனைவியின் கையைப் பார்த்துத்தான் தன் கையை உயர்த்துவார்.

வெண்திட்டு வெளியேறியது. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பாயசம். உலையும் தீயும் நம்முடையதுதான், உலைக்குள் போடுகிற பருப்பு யாருடையது என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாயசத்துக்கு வேண்டிய வெல்லம் முன்பே வாங்கி வைத்ததாயிற்றே.

சில நாளில் இக்கரையில் ஒரு சுங்கச்சாவடி எழுந்தது. அதைப் பார்த்து அக்கரையிலும் ஒன்று எழுந்தது. அக்கரையிலிருந்து வரும் பருப்புக்கு அரசர் சுங்கம் போட்டார். இக்கரையிலிருந்து போகும் தேங்காய்க்கு அவர்கள் போட்டார்கள். சாவடியில் படகுகள் வரிசை கட்டி நின்றன. அதிகாரி மூட்டையைப் பிரித்து, மோந்து பார்த்து, முத்திரை குத்தி முடிப்பதற்குள் தக்காளி படகிலேயே ரசமாகிவிடும். அழுகியதற்கும் சேர்த்து நல்லதன் தலையில் விலையை ஏற்றினார்கள்.

கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு சொர்ணவல்லி பையை மடித்து இடுக்கிக்கொண்டாள்.

"என்னண்ணே இது, பருப்புக்குச் சொல்றீங்களா, பவுனுக்குச் சொல்றீங்களா?"

"நானா ஏத்தினேன்? அவன் வாங்குறான், இவன் வாங்குறான், நடுவுல படகுக்காரன் காத்துக் கிடந்ததுக்கும் கூலி கேக்குறான். கடைசியா எல்லாம் உன் குழம்புலதான் வந்து விழுது."

முணுமுணுப்பு அரண்மனை வரைக்கும் போனது. அமைச்சர் அடலேறு நேரில் கடைத்தெருவுக்கு வந்தார்.

"பெருமக்களே, விலை ஏறவில்லை. பொருளின் கௌரவம் ஏறியிருக்கிறது. இன்றுமுதல் விலை என்ற சொல்லைப் பயன்படுத்துவோருக்கு அபராதம்."

"அப்ப புளிக்கு என்ன வழிங்க?" என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"வீட்டுக்கொரு புளியங்கன்று வழங்குகிறோம், தாயே."

"அது எப்பங்க காய்க்கும்?"

"உங்கள் பேரப்பிள்ளைகள் தன்னிறைவு பெறுவார்கள்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மோர்க்குழம்பு வையுங்கள்" என்று அமைச்சர் கனிவோடு சொன்னார்.

அதற்கடுத்த அறிவிப்பில், பருப்பில்லாத சாம்பாருக்கு 'விடுதலைச் சாம்பார்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஜனங்கள் அதைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொர்ணவல்லிக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவளுடைய ஒரே மகள் மதிவதனியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மதிவதனிக்கு இப்போது மாதம் நிறைந்துகொண்டு வந்தது. திட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வருவதற்கு முன், தாய்வீட்டு அடுப்பில் வெந்த ஐந்து சாதத்தைக் கொண்டுபோய் அவளுக்கு ஊட்ட வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். அதில் ஒன்று குறைந்தாலும் பெண் படகில் கால் வைக்கக் கூடாது.

"நாலு சாதம் போதாதாடி?" என்று கோதண்டம் கேட்டுப் பார்த்தார்.

"உங்க பேரப்புள்ள காலுல நாலு விரலோட பொறந்தா போதுமா?"

சொர்ணவல்லி கொஞ்சம் கொஞ்சமாகப் புளியும் எண்ணெயும் வெல்லமும் சேர்த்து வைத்தாள். தங்கள் குழம்பில் புளியைக் குறைத்துக்கொண்டாள். ஒரு விடிகாலையில் ஐந்து தூக்குவாளிகளோடு இருவரும் படகேறினார்கள்.

அக்கரைச் சாவடியில் இருந்த அதிகாரி பெயர் குஞ்சிதபாதம். மரியாதையான மனிதர். வாளிகளைத் திறந்து பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, இந்தப் புளியோதரையின் பூர்வீகம் என்ன?"

"எங்க வீட்டு அடுப்புங்க."

"அடுப்பைக் கேட்கவில்லை. உள்ளடக்கத்தைக் கேட்கிறேன். புளி எங்கே விளைந்தது?"

"உங்க ஊர்லதாங்க. இங்கருந்து வாங்கினப்ப எங்க சாவடில சுங்கம் கட்டினேனே."

"அது அங்கே நுழைந்ததற்கு. இப்போது இங்கே நுழைகிறதல்லவா? போன புளி வேறு, திரும்பி வருகிற புளி வேறு."

"அதே புளிதாங்க ஐயா. கரைச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"கரைத்ததனால்தான் அது வேறு பண்டம்" என்று குஞ்சிதபாதம் வருத்தத்தோடு சொன்னார். "தேங்காய்ச் சாதத்துக்கு மட்டும் சலுகை உண்டு. அரிசியும் தேங்காயும் முழுக்க உங்கள் நாட்டு விளைச்சல். ஆனால் தாளித்திருக்கும் உளுத்தம்பருப்பு எங்களுடையது. அதை நீக்கிவிட்டால் சுங்கமில்லாமல் போகலாம்."

மகளுக்கு வளையல் வாங்க வைத்திருந்த பணம் புளியோதரைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் போயிற்று. தயிர் சாதத்தை அதிகாரி இரக்கப்பட்டு விட்டுவிட்டார். தேங்காய்ச் சாதத்துக்குக் கையில் ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் படித்துறையில் துண்டை விரித்து உட்கார்ந்து, சாதத்திலிருந்து உளுத்தம்பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். வெயில் ஏறியது.

"நம்ம உலை, நம்ம தீ" என்றார் கோதண்டம்.

"வாயை மூடிக்கிட்டுப் பொறுக்குங்க. அந்தா கடுகுகிட்ட ஒண்ணு இருக்கு."

மகள் வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். மதிவதனி ஐந்து சாதத்தையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, தேங்கா சாதத்துல உளுத்தம்பருப்பையே காணோம்? சவசவன்னு இருக்கு."

"அது சாவடில இறங்கிடுச்சுடி. நீ சாப்பிடு."

சம்பிரதாயம் குறைவில்லாமல் முடிந்தது. மாலையில் மகளை மெல்லப் படகில் உட்காரவைத்து, பின்னால் தலையணை கொடுத்து, சொர்ணவல்லி இக்கரைக்கு வந்து சேர்ந்தாள். இனி வீடுதான், வெந்நீர்தான், மருந்துதான் என்று அவள் மனசு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

இக்கரைச் சாவடி அதிகாரி ஏகாம்பரம் மதிவதனியை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொர்ணவல்லியின் தெருக்காரர்தான். சீருடை போட்டால் தெருவை மறந்துவிடுவார்.

"இவர் யார்?"

"என்னப்பா ஏகாம்பரம், எம்பொண்ணு மதிவதனி. உன் கல்யாணத்துல கோலம் போட்டவ."

"இந்நாட்டில் பிறந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போனபோது ஒருவராகப் போனார். திரும்பும்போது ஒருவருக்குமேல் இருக்கிறார். கூடுதலாகச் சேர்ந்த பகுதி அக்கரையைச் சேர்ந்தது. சட்டம் இதை மதிப்புக்கூட்டல் என்கிறது."

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நின்றுவிட்டது.

"சரி, என்ன செய்யணும்கிற?" என்றாள் சொர்ணவல்லி.

"சுங்கம் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதை இப்போது சொல்ல இயலாது. பிறந்த பிறகு எடை போட்டுத்தான் தீர்மானிக்க முடியும். அதுவரை இவர் சாவடிக் கிடங்கில் தங்கலாம். காற்றோட்டமான கிடங்கு. பக்கத்தில் வெங்காயம் இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை."

"ஏய்யா, புள்ளைய மூட்டைக்கு நடுவுல பெத்துக்கச் சொல்றியா?"

"நானென்ன செய்வேன் அத்தை?" என்று ஏகாம்பரம் முதல்முறையாகத் தெருக்காரனாகக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கையைத் தூக்கினீங்க. நானும் தூக்கினேன். இப்ப அதுக்கு நான் காவல் நிக்கிறேன்."

சொர்ணவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள். மகளுடைய கை வயிற்றின்மேல் இருந்தது. படித்துறையிலிருந்து பார்த்தால் வீட்டுக்கூரை தெரிந்தது. கொஞ்சநேரம் அதையும் பார்த்தாள். பிறகு படகுக்காரனிடம், "திருப்புப்பா" என்றாள்.

"ஏண்டி, வீட்டுல கோழி இருக்கு. யாரு தீனி போடுவா?" என்று கோதண்டம் பதறினார்.

"ராஜா போடுவாரு. ஏறுங்க."

தாய்வீட்டில் பிறக்க வேண்டிய குழந்தை அப்பன்வீட்டில் பிறந்தது. பெண்குழந்தை, நல்ல எடை. யாரும் அதற்கு முத்திரை குத்த வரவில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் வெந்நீர் போட்ட அடுப்பு எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்கவுமில்லை. இவர்கள் திரும்பிப் போனதைப் பார்த்து, பிரசவத்துக்கு இருந்தவர்கள், பத்தியச் சாப்பாட்டுக்குப் பருப்புக் கிடைக்காதவர்கள், விடுதலைச் சாம்பார் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று ஒவ்வொரு வீடாக அக்கரைக்குப் படகேறியது.

ஒருநாள் சொர்ணவல்லி பேத்தியைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றைத் தாண்டி முரசுச் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே அமைச்சர் அடலேறுவின் குரலும் காற்றில் வந்தது.

"மகிழ்ச்சியான செய்தி! நாடு வெளியேறிய பிறகு முதன்முறையாக நம் ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சிவிட்டது!"

"எதுங்க ஏற்றுமதி ஆகுது?" என்று அங்கே மிச்சமிருந்த யாரோ கேட்டார்கள்.

"குடிமக்கள்" என்றார் அமைச்சர். "உயர்ந்த தரம். அக்கரையில் நல்ல கிராக்கி."

சொர்ணவல்லி குழந்தையின் தலையில் நீரை ஊற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, நம்மளத்தான் சொல்றாங்க."

கட்டிலில் படுத்திருந்த கோதண்டம் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன விலைக்குப் போனோம்னு கேட்டுச் சொல்லு."