சமைத்தவர் பேசத் தேவையில்லை

இந்த நவம்பர் முடிவதற்குள் என் மனைவியின் வாயிலிருந்து ஒரு நன்றியைப் பெற்றே தீருவது என்று தில்லைநாதனாகிய நான் தீர்மானித்தேன். ஒன்று போதும். பேராசை எனக்கு இல்லை.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவில், குரோருட்டில், எட்டாம் மாடியில். லிஃப்ட் கதவை எவராவது இரண்டு விநாடி பிடித்து நின்றால் சிறிதேவி "தூசென் தக்" என்பாள். நோர்வே மொழியில் ஆயிரம் நன்றி. அயலவரின் ஒரு கைக்கு ஆயிரம். என்னுடைய இருபத்துநான்கு வருடங்களுக்கு ஒன்றுகூட இல்லை. நான் அவளுக்கு எத்தனை சொன்னேன் என்று கேட்காதீர்கள். கதை சொல்பவன் நான்.

யாழ்ப்பாணத்தார் வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை என்பது எனக்கும் தெரியும். சொன்னால் ஆளைப் பிறத்தியாராக்கியதாகிவிடும். எங்களுக்கு நன்றி என்பது கூட்டத்தின் கடைசி நிகழ்ச்சி. அதைச் சொல்ல ஒருவர் எழும்பும்போது மற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள்.

சென்ற வருடம் நியூ ஜேர்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று தாங்ஸ்கிவிங்; அமெரிக்கர் நன்றி சொல்லும் நவம்பர் வியாழன். வான்கோழியைச் சுற்றி எல்லோரும் இருக்க, அக்கா எழுந்து, கண் கலங்கி, அத்தானுக்கு நன்றி சொன்னாள். அத்தான் செய்ததெல்லாம் அந்தக் கோழியை அவண் அடுப்பில் வைத்து எடுத்தது மட்டுமே. எனக்கு வழி திறந்தது.

இவ்வருடம் அந்த வியாழனுக்கு ஐந்து நாள் முன்னதாக, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். "மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும், சமைத்தவருக்கு, உண்மையான ஒரு காரணத்தைக் கூறி நன்றி சொல்ல வேண்டும். சமைத்தவர் பேசத் தேவையில்லை."

சிறிதேவி அதை இரண்டு முறை வாசித்தாள்.

"ஆர் சமைக்கிறது?"

"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. நான் அப்போதே விழித்திருக்க வேண்டும்.

"அமெரிக்கச் சனம் அறுவடை முடிஞ்சு கொண்டாடுதுகள். நீங்கள் என்னத்தை அறுத்தனீங்கள்?"

"மனுசருக்கு மனுசர் நன்றியோடை இருக்கவேணும். அதுதான் இந்தப் பெருநாளின்ரை கருத்து."

"நல்ல கருத்து. சமைச்ச ஆள் ஒண்டும் சொல்லத் தேவையில்லையோ?"

"இல்லை. இருந்து கேட்டால் போதும்."

"பிறகு மாத்தமாட்டீங்களே?"

"மாட்டன்."

"அப்ப கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன். திகதியும் இட்டேன். கீழ்வீட்டு ஜெயகுமாரியைச் சாட்சிக்காக விருந்துக்கு அழைத்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சாருகாவும் வருவதாகச் சொன்னாள். சிறிதேவிக்குக் காரணத்தில் தட்டுப்பாடு வரக்கூடாதல்லவா? ஒன்பது காரணங்களை நானே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆறு கிலோ வான்கோழி ஒன்றை வாங்கி வந்தேன். அது பாறையாக உறைந்திருந்தது. உருக மூன்று நாளாகும் என்று உறையில் எழுதியிருந்ததாம்; நான் வாசிக்கவில்லை. மூளை உள்ளவனுக்கு வாசிப்பு எதற்கு? எங்கள் குளியலறைத் தரைக்குக் கீழே சூட்டுக்கம்பி ஓடுகிறது. மனிதர் காலுக்கே வெப்பம் கொடுக்கும் நாட்டில் கோழி மட்டும் ஏன் குளிரில் கிடக்க வேண்டும்? தட்டத்தில் கிடத்தி, சூட்டை உச்சத்துக்குத் திருப்பிவிட்டேன்.

பல் துலக்கப் போன சிறிதேவி அதைக் கடந்து போனாள்; கடந்து வந்தாள். என் வேலை ஒன்றைப் பார்த்து அவள் வாய் திறக்காதது அதுவே முதல் தடவை. நான் அதை மரியாதை என்று விளங்கிக்கொண்டேன்.

வியாழன் நான் விடுப்பு எடுத்தேன். ஒஸ்லோவில் அன்று எவருக்கும் விடுமுறை இல்லை. சிறிதேவி முதியோர் இல்லமொன்றின் சமையலறைக்குப் பொறுப்பாளர். மூன்று மணிக்கு வந்தவள், கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கோழியில் இரண்டு இடங்களில் குத்தினாள்.

"வெளியிலை இவருக்குக் காய்ச்சல். உள்ளுக்கை இன்னும் சனவரி."

"அவணிலை வைச்சால் சரிவரும்."

"இதைச் சாப்பிட்டால் நன்றி சொல்ல ஒருத்தரும் மிஞ்சமாட்டினம். குப்பைக்குப் போடுங்கோ."

ஆறு கிலோவையும் எட்டு மாடி இறக்கினேன். ஆறு மணிக்கு விருந்தினர் வருவார்கள். என் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பெருநாள் அந்தத் தொட்டிக்குள் கிடந்தது.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜெயகுமாரி நின்றார். கையில் தட்டம், தட்டத்தில், எங்கள் கறித்தூள் மணக்கச் சிவந்து வாட்டிய ஒரு முழு வான்கோழி.

"தள்ளுங்கோ அண்ணை, சுடுது. தேவியக்கா சனிக்கிழமை பின்னேரமே வாங்கிவந்து தந்திட்டா. இண்டுவரைக்கும் என்ரை ஃபிறிட்ஜிலை பால் வைக்க இடமில்லை. நேற்றுப் பின்னேரம் வந்து தூள் பிரட்டி, இண்டைக்கு வேலையாலை வந்து அவணிலை வைச்சவா."

சனிக்கிழமை. நான் கையெழுத்திட்ட அதே நாள்.

எல்லோரும் அமர்ந்தோம். சிறிதேவி மேசையின் தலைப்பக்கத்தில், கைகட்டி, சட்டப்படி மௌனமாக இருந்தாள். நோர்வேப் பிள்ளைகளுடையதைப் போலவே பாண் ரொட்டி வைத்துப் பள்ளிக்குச் சாப்பாடு கட்டித் தந்ததற்காகச் சாருகா நன்றி சொன்னாள். ஃபிறிட்ஜை மீட்டுத் தந்ததற்காக ஜெயகுமாரி சொன்னார். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒன்பது காரணங்களும் என்னைப் பற்றியவை. மடித்து வைத்தேன்.

"எனக்கு வேலை இல்லாமல் போன வருசம்," என்றேன், "நீர் விடியக்காலமை பள்ளிக்கூடம் துடைக்கப் போனனீர். போனிலை என்ரை அம்மாவுக்கு, அவர் மேற்படிப்புப் படிக்கிறார் மாமி எண்டு சொன்னனீர். நான் அப்ப சோபாவிலை இருந்து பனிச்சறுக்குப் போட்டி பாத்துக்கொண்டிருந்தனான். அம்மா அதை நம்பித்தான் கண்மூடினவ. அதுக்கு... நன்றி, தேவி."

சிறிதேவி எழுந்துபோய், எரியாத அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்த கையை என்னிடமிருந்து மறைக்க அவளால் முடியவில்லை.

இதைவிட நல்ல தருணம் வராது.

"நீரும் ஒரு சொல்லுச் சொன்னால்..." என்றேன்.

அவள் விரலை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவை நோக்கி நீட்டினாள். தாளின் அடியில் என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் புறப்பட, நான் முந்திக்கொண்டு ஓடி, லிஃப்ட் கதவைப் பிடித்து நின்றேன். இரண்டு விநாடி அல்ல, முழுதாக ஒரு நிமிடம்.

சிறிதேவி உள்ளே ஏறி, பொத்தானை அழுத்தினாள்.

"விடுங்கோ," என்றாள். "அது தானாப் பூட்டும்."