முறைப்படி சாரும் மனுச காலேஜும்

ஒரே ஒரு வாக்காளரை வைத்துத் தேர்தல் நடத்தி, அதற்கு மறுதேர்தலும் அறிவித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் 'முறைப்படி' சார். எதற்கெடுத்தாலும் "முறைப்படி செய்யணும்" என்பார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளம் வாங்க மட்டும் பயன்பட்டது.

திருவண்ணாமலையில் பல்கலைக்கழகம் நடத்திய மானுட அறிவியல் முதுகலைப் பள்ளிக்கு அவர் தலைவர். நான் அலுவலக உதவியாளர். ஆட்டோக்காரர்களுக்கு அது 'மனுச காலேஜ்'. ஒரு காலத்தில் வரலாறு, சமூகவியல், உளவியல், மானிடவியல் என்று நான்கு துறைகள், நடக்க இடமில்லாத வராண்டா. பிறகு பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தார்கள். ஒவ்வொரு துறையாகப் பூட்டிக்கொண்டே வந்தோம். பூட்டு வாங்கப் போனால் கடைக்காரர், "இன்னும் எத்தினி ரூம் இருக்குது சார்?" என்று துக்கம் விசாரிப்பார்.

கடைசியில் மானிடவியல் இரண்டாம் ஆண்டில் ஒருத்திதான் மிஞ்சினாள். கீழ்பென்னாத்தூர் தேன்மொழி. பள்ளியை மூடிவிட்டு அவளைத் தலைமை வளாகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் அப்பா ஓடி வந்தார்.

"வெளியூர்ல தங்கிப் படிக்கறதுனா வேணாங்க. பஸ்ல போய்ட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்துடணும். இல்லனா மாப்ள பாத்துட்றேன்."

சார் தலைமை வளாகத்துக்குப் போய் ஒவ்வொரு அறை வாசலிலும் உட்கார்ந்தார். "முறைப்படி சேத்த பொண்ண முறைப்படி முடிச்சி அனுப்புறேன். அப்புறம் பூட்டிக்குங்க" என்றார். தொல்லை பொறுக்காமல் அவள் பரீட்சை முடியும்வரை விட்டார்கள்.

அதன் பிறகுதான் கூத்து. தினமும் காலி பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் பெயரைக் கூப்பிடுவார். எங்கோ ஜன்னல் அடித்தால், "யாரது பின்னாடி சத்தம்?" என்பார். மாணவர் மன்றத் தேர்தலில் அவள்தான் வேட்பாளர், அவள்தான் வாக்காளர். தனக்குத் தானே ஓட்டுப் போட வெட்கப்பட்டு வெறும் சீட்டை மடித்துப் போட்டாள். சார் முகம் மாறாமல், "யாருக்கும் பெரும்பான்மை இல்ல. மறுதேர்தல்" என்றார்.

நிலக்கடலை அறுவடைக்கு அவள் லீவு போட்டாள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. உடனே சார் அதைக் களப்பணி என்று அறிவித்து, கரும்பலகையை என் தலையில் ஏற்றி பஸ் பிடித்தார். கடலைக் கொல்லையில் நின்று உறவுமுறைகளைப் பற்றி உரையாற்றினார். அவள் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா சொல்றீங்க சார். சொல்லிக்கினே இந்த மல்லாட்டயும் புடுங்கிடுங்க."

பிடுங்கினார். அடுத்த வாரம் முழுக்க பெஞ்சில் படுத்தபடிதான் பாடம் நடந்தது.

ஒருவழியாகப் பரீட்சை முடிந்தது. மறுநாள் சாவியை ஒப்படைக்க வேண்டும். சாருக்கும் அந்த மாதத்தோடு ஓய்வு. எனக்கு வேங்கிக்காலில் வேறு அலுவலகம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சார் மட்டும் பிரிவு உபசார விழா நடத்தியே ஆக வேண்டும் என்றார்.

சீனியர்களுக்கு ஜூனியர்கள் நடத்துகிற விழா அது. ஜூனியருக்கு எங்கே போவது? நான் மிக்சரும் கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தபோது சார் முதலாம் ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"சீனியர் அக்காவுக்கு வணக்கம்."

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். தேன்மொழி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க வர்றீங்கனுதான் இந்தக் கட்டடத்த தெனமும் தொறந்தாங்க. நீங்க போய்ட்டா எங்களுக்கு இங்க யாருமில்லக்கா."

அதோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டார். என் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை வருஷமாகக் கிறுக்கு என்று நான் திட்டிய மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சீனியர் பதிலுக்குப் பேச வேண்டும். தேன்மொழி எழுந்து வந்து மைக்கை எடுத்தாள்.

"வெயில்ல அலையாதீங்க. வூட்ல தனியாத்தான இருக்கீங்க, வேளைக்கி சாப்புடுங்க. எதையாவது நெனச்சிக்கினே உக்காந்திருக்காதீங்க."

கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதர், "சரிங்கக்கா" என்றார்.