பச்சை உடுப்பைத் திருப்பி அனுப்புவது பற்றி

குருநகர்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

பாரிசில் இருக்கும் என் அன்புத் தங்கச்சி மக்டலீனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் மச்சாள் யசிந்தாவும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் நீயே தீர்மானித்துக்கொள். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அங்கத்தைய குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று இன்று காலைப் பூசையில் மன்றாடினேன். மன்றாடும்போது என் மனம் முழுவதும் அதில் இருக்கவில்லை என்பதையும் உனக்கு மறைக்க விரும்பவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன கிழமை நான் சொல்லத் தொடங்கியதும் நீ சிரிக்கத் தொடங்கினாய். நீ சிரித்து முடிக்கமுன் தொடர்பு அறுந்துவிட்டது. கடிதம் என்றால் நீ எவ்வளவு சிரித்தாலும் நான் எழுதியது எழுதியபடியே கிடக்கும். எங்கள் மகள் மேர்சியின் புருசன் பிரகாசினுடைய சிநேகிதன் ஒருவன் வருகிற புதன்கிழமை பாரிசுக்குப் பயணம். நீ கேட்ட கருவாடு அவனிடம் வரும், இந்தக் கடிதம் வரும், நீ எனக்கென்று அனுப்பிய அந்த உடுப்பும் வரும். உடுப்பு ஏன் திரும்பி வருகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

என் பிடரியில் மாறாமல் கிடந்த புண்ணை ஆசுப்பத்திரியில் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பியதும், புற்று என்கிற பெரிய வருத்தமாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்று டொக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். "ஐயா, உங்கடை வயசு முழுக்க அடிச்ச வெயில் இந்தப் பிடரியில இருக்கு. இனி அதைப் படவிடாதேங்கோ" என்றார். வெயில் படாத கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இரவுத் தொழிலுக்குப் போக என் கண் காணாது. ஆகவே மூன்று மாதமாகப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் இருக்கிறேன். ஊரில் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு கொப்புளம் வந்தது, வெட்டினார்கள் என்று மட்டும் சொன்னேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கண்டவன் எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கையைப் பிடிப்பான்.

அப்படி இருக்கும்போதுதான் உன் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் உச்சந்தலை முதல் கணுக்கால் வரை ஒரே துணி. முகம், கை, கால் மட்டும் வெளியே. நிறம் பச்சை. எந்தப் பச்சை தெரியுமா? வாழையிலைப் பச்சை இல்லை, தென்னோலைப் பச்சையும் இல்லை. றோட்டு வேலை செய்கிறவர்களை லொறி அடிக்காமல் இருக்கப் போட்டுவிடுகிற பச்சை. நெஞ்சில் ஐம்பது என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. "ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்காம்" என்றாள் யசிந்தா. எனக்கு அறுபத்தெட்டு, தகுதி இருக்கிறது என்று நானும் நினைத்தேன். மேர்சிதான் அது வெயிலைத் தடுக்கிற கணக்கு என்று விளங்கப்படுத்தினாள். நான் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். அது அங்கேயே இருந்திருந்தால் நமக்குள் ஒரு பிரச்சினையும் வந்திராது.

எங்கள் கல்யாணத்துக்கு நாற்பது வருசம் ஆகிறதென்று மேர்சியும் பிரகாசும் காங்கேசன்துறைக் கடற்கரையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்குவதற்கு ஒழுங்கு செய்தார்கள். விடுமுறையாம். காலையில் கதவைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு போய் இன்னொரு கதவைத் திறந்து கடலைப் பார்ப்பதுதான் விடுமுறை என்று எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது. ஆனாலும் போனேன். தொழிலுக்குப் போகக்கூடாது என்ற டொக்டர் குளிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மூன்று மாதம் உப்புத்தண்ணீர் படாத உடம்பு எனக்குச் சொந்த உடம்பாகவே தெரியவில்லை. கடலில் இறங்கவேண்டும் என்றால் இதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கவேண்டும் என்று மேர்சி அந்தப் பச்சையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

உடுத்துகிற கதையைக் கேள். விடுதிக் குளியலறைக்குள் நானும் உன் மச்சாளும் நின்று பட்ட பாட்டை எந்த மீனும் எந்த வலைக்குள்ளும் பட்டிராது. தலை போகிற ஓட்டையில் என் கை போய்விட்டது, கை போகிற ஓட்டையில் தலை போக மறுத்தது. "இஞ்சருங்கோ, மற்றக் கை எங்கை?" என்று அவள் கேட்க, "அதைத்தானப்பா நானும் தேடிக்கொண்டு நிக்கிறன்" என்று நான் உள்ளேயிருந்து கத்த, அவள் பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி இழுத்து, ஒருவழியாக நான் வெளியே வந்தபோது பச்சைக்குள் வெள்ளை மாப் பூசிய கொழுக்கட்டை மாதிரி இருந்தேன். மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் அறையை விட்டு வெளிக்கிட்டேன். கரைக்குப் போனதும் பிரகாஸ், "மாமா, சாரத்தைக் கழட்டுங்கோ, நனைஞ்சால் காலைச் சுத்தும்" என்றான். எனக்குச் சொல்கிறான், சாரத்தோடு கடலில் நின்று வலை இழுத்தவனுக்கு! "அப்பா, பாரிசில எல்லாரும் உப்பிடித்தானாம் போடினம், மாமி சொன்னவ" என்றாள் மேர்சி. பாரிசில் போடுகிறவர்கள் பாரிசில் போடட்டும். அங்கே அவர்களை யாருக்குத் தெரியும்?

சாரத்தைக் கழற்றி நான்கு அடி வைக்கவில்லை, உடுவிலிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா நேரே வந்து, "மாஸ்டர், இவருக்குக் கொஞ்சம் நீச்சல் சொல்லிக் குடுப்பியளோ?" என்று தன் புருசனைக் காட்டினார். முத்துக்குமாரு என்று பெயர், தோட்டக்காரர், நல்ல பாரமான மனுசன். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு அலையைப் பார்த்துப் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் மாஸ்டர் இல்லை என்றேன். "பின்னை ஏன் இந்த உடுப்பு?" என்று கேட்டார் அந்த அம்மா. தங்கச்சி, நீயே சொல். அதற்கு நான் வெளியே சொல்லக்கூடிய பதில் ஏதாவது இருந்ததா? இருக்கவில்லை. ஆகவே மாஸ்டரானேன். முத்துக்குமாரு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அண்ணை, விட்டிடாதேங்கோ, அண்ணை, உங்களைக் கும்பிட்டன்" என்று அலறுகிறார். தண்ணீர் எங்கள் இருவருக்கும் தொடையளவுதான். அவரைப் பார்த்து அவருடைய மச்சினன் வந்தான், மச்சினனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். விடுமுறைக்கு வந்த நான் வெயிலுக்குள் வரிசையில் நின்ற ஆட்களுக்குக் கால் அடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். இதற்குள் கழுத்துப் பக்கத்தால் தண்ணீர் புகுந்து உடுப்பு வயிற்றடியில் பலூன் மாதிரி ஊதிவிட்டது. நான் திரும்பினால் அது கொஞ்சம் பிந்தித்தான் திரும்பியது.

அந்த நேரத்தில்தான் சொறிமுட்டை வந்தது. உன் பிள்ளைகளுக்கு ஜெலிமீன் என்று சொன்னால் விளங்கும். ஒன்றல்ல, ஒரு கூட்டம். முதலில் முத்துக்குமாரு, "ஐயோ, நெருப்பு!" என்று துள்ளினார். பிறகு மச்சினன் துள்ளினான். பிறகு எங்கள் பிரகாஸ் இரண்டு கெண்டைக்காலையும் சொறிந்துகொண்டு கரைக்கு ஓடினான். கண்மூடித் திறப்பதற்குள் கடலில் ஒரு சனமும் இல்லை, நான் மட்டும் நடுவில் பச்சையாக நிற்கிறேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, துணிக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மேர்சி விடுதிக் குசினிக்கு ஓடி வினாகிரிப் போத்தலோடு வந்தாள். நான் கரையேறி முத்துக்குமாருவின் காலுக்கு வினாகிரி ஊற்றக் குனிந்தேன், உதவி செய்யத்தான் குனிந்தேன், அந்த மனுசன் காலை இழுத்துக்கொண்டு என்ன கேட்டார் தெரியுமா? "தெரிஞ்சுதானே நீங்கள் மட்டும் மூடிக்கட்டிக்கொண்டு வந்தனீங்கள்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓமோம் என்று தலையாட்டினார்கள். எனக்கும் தெரியாது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. கடல் எனக்கு முன்கூட்டியே அறிவித்தல் அனுப்புகிறதா என்ன? சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி இல்லை, நான் ஏதோ சொறிமுட்டையைக் கையோடு கூட்டிவந்தவன் மாதிரி முறைத்துக்கொண்டு போனார்கள்.

இதோடு முடிந்திருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. திரும்பினால் யாகோப்பு. என்னோடு ஒரே படகில் பாதி வாழ்க்கை தொழில் செய்த யாகோப்பு. இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிற தன் மருமகளைக் கூட்டிப்போகத் துறைமுகத்துக்கு வந்தவன், கப்பல் பிந்துகிறதென்று காற்று வாங்கக் கரைக்கு வந்திருக்கிறான். உலகத்தில் இத்தனை கரை இருக்க அவனுக்கு அந்தக் கரைதான் கிடைத்தது. "டேய் சந்தியோகு! கப்பலைத் தவறவிட்டிட்டு நீந்தி வந்தனியோடா?" என்று கேட்டுக்கொண்டே தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். வயிற்றில் தண்ணீரும் கையில் வினாகிரிப் போத்தலுமாக நிற்கிற என்னை! நான் உடுப்பைக் கழற்றி முடிக்கமுன் அந்தப் படம் குருநகர் முழுக்கப் போய்விட்டது. கழற்ற அவ்வளவு நேரம் எடுத்தது என்பது வேறு கதை.

ஊருக்குத் திரும்பிய நாள் தொடக்கம் எனக்குப் பெயர் பச்சைத் தவளை. மீன் சந்தைக்குப் போனால் விற்கிற பெண்டுகள், "தவளையண்ணை, என்ன மீன் வேணும்?" என்று கேட்கிறார்கள். வலை பொத்துகிற இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் ஒருவன் தவளை மாதிரிக் கத்துகிறான். பங்குச் சுவாமிகூட, "சந்தியோகு, விடுமுறை நல்லதோ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை, எனக்குத் தெரியும்.

இன்று காலை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் யாகோப்பு அந்தப் படத்தைத் தன் மருமகளுக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் பார்க்காதது மாதிரிப் போய்விடத்தான் நினைத்தேன். உன் மச்சாள் போக விடவில்லை. நாற்பது வருசத்தில் அவள் வெளியிடத்தில் குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. "சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ! இந்த மனுசன்ரை பிடரியில புண் வந்து ஆசுப்பத்திரியில வெட்டினவை. கொப்புளம் எண்டு உங்களுக்குப் பொய் சொல்லிக்கொண்டு திரியிறார். வெயில் பட்டால் திரும்பவும் வருமாம். கடலைப் பாக்காமல் இவர் வீட்டுக்குள்ளை கிடந்து படுற பாடு எனக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் உந்த உடுப்பு. உதில என்ன சிரிப்பு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். யாகோப்பு தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தான், என்னைப் பார்த்தான், திரும்பி நடந்தான். மருமகள் பின்னால் ஓடினாள்.

இப்போது நான் பயந்தது நடக்கிறது. ஒருவரும் தவளை என்று சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவராக வந்து தோளைத் தொடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. மூலை வீட்டு லவீனா எனக்காக நவநாள் செபம் தொடங்கிவிட்டாளாம். மத்தியானம் வயிறு முட்டச் சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டவனுக்குக் கஞ்சி எதற்கு? இவ்வளவுக்கும் காரணம் அந்தப் பச்சை உடுப்பு. நான் யாரிடமும் கேட்காத உடுப்பு. ஆகவே அதைத் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன், புதன்கிழமை வந்து சேரும். அங்கத்தைய குளிருக்கு மச்சானுக்கு உள்ளே போட நன்றாக இருக்கும். என் உயிர் உள்ளவரை இப்படி ஒன்றை இனி எனக்கு அனுப்பாதே. கடல் எனக்கு இல்லை என்றால் இல்லை, நான் வீட்டுக்குள் இருந்து செத்துப்போகிறேன்.

நீ நல்ல மனதோடுதான் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். உன் கோபம் என் மேல் நிற்காது என்றும் தெரியும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மச்சானை வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அண்ணை,
சந்தியோகு.

பி.கு.: செவ்வாய்க்கிழமை. ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாகோப்பு குசினிப் பக்கத்தால் வந்தான். "கதவைச் சாத்தடா" என்றான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். தோளுக்குக் கீழே என்னுடையதைப் போலவே ஒரு புண், ஓரம் தடித்துக் கறுத்துப் போய்க் கிடக்கிறது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். போன திருவிழாவுக்கு முதலே என்றான். "ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். "நீ எனக்குச் சொன்னனியோ?" என்றான். நான் அவனுடைய சட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தேன். நேற்று நானே அவனை அதே டொக்டரிடம் கூட்டிப்போனேன். வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவேண்டும், பார்த்த அளவில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டொக்டர், ஆனால் அவனுக்கும் இனி வெயில் கூடாது. அவனுடைய வலை கடலில் கிடந்ததால் இன்று விடிய அவன் படகை எடுத்துக்கொண்டு நான்தான் போய்த் தூக்கிவந்தேன். ஓம், பச்சை உடுப்போடுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு, தங்கச்சி. கரைக்கு வந்தபோது முதலில் சிரித்தவன் யாகோப்புதான். ஆகவே பார்சலில் கருவாடு மட்டும்தான் வரும், உடுப்பைத் தேடாதே. அவனுக்கும் ஒன்று வாங்கி அனுப்பு, என்னைவிட ஒரு சாண் உயரம் என்று உனக்குத் தெரியும். அவனுக்கு நீலம்தான் வேண்டுமாம். மஞ்சள் அனுப்பு.