அடிபட்ட பம்பரை ஒப்படைத்த விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மனைவியும் சௌக்கியம். தங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய முன் பம்பரும் நேற்றுக் காலை வரை எங்கள் சோபாவில் கால் நீட்டிப் படுத்துச் சௌக்கியமாகவே இருந்தது.

புதியதை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் ஊருக்குத் தாங்கள் மட்டும் திரும்பிய அன்று, "மாமா, இந்தப் பழசை எப்படியாவது வித்துடுங்க. லாரிக்காரன் இடிச்சான்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன், மாத்திச் சொல்லிடாதீங்க" என்று தாங்கள் என் காதோடு சொன்னீர்கள். முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் பட்டியல் எழுதியவன் நான். ரகசியமும் காப்பேன், விவரமும் விட மாட்டேன். ஆகவே இணையத்தில் இப்படி விளம்பரம் கொடுத்தேன்: "முன் பம்பர், ஒன்று. சிவப்பு. நடுவில் முழங்கை நீள விரிசல். இடது மூலையில் உள்ளங்கை அளவு துண்டு காணவில்லை. சேதமான விதம்: உரிமையாளர் ஓட்டிக்கொண்டே தன்னைத் தானே போட்டோ எடுத்தபோது பல் மருத்துவமனைச் சுவரில் மோதியது. போட்டோ நன்றாக வந்திருக்கிறது." தங்கள் பெயரைப் போடவில்லை. அடையாளத்துக்காகக் கார் நம்பரை மட்டும் போட்டேன்.

முதலில் போன் செய்தவர், "அடிபடாம இருக்கா சார்?" என்றார். அடிபட்டதுதான் விற்பனைக்கு என்றேன். "அடிபடாதது எங்க இருக்கு?" காரில் இருக்கிறது என்றேன். "அப்ப அதைக் கழட்டிக் குடுங்க" என்கிறார், மாப்பிள்ளை! அடுத்தவர் ஸ்கூட்டரில் நேரிலேயே வந்தார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறங்கினால், மாடிப்படித் திருப்பத்தில் பம்பர் வசமாகச் சிக்கிக்கொண்டது. அவர் கீழே, நான் மேலே, நடுவில் மேல் மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று குனிந்து நுழைந்து போகிறார். அரை மணி நேரம் "உங்க பக்கம் தூக்குங்க, இல்ல இல்ல, என் பக்கம்" என்று மல்லாடி வெளியே எடுத்தபோது இன்னொரு விரிசல். வந்தவர் அதைத் தடவிப் பார்த்து, "ரொம்ப அடிபட்டிருக்கே சார்" என்று, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போலக் கிளம்பிவிட்டார்.

நேற்றுக் காலை ஒரு கண்ணியமான மனிதர் வந்தார். வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து, பஞ்சில் சுற்றிய ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். பம்பரின் இடது மூலையில் டார்ச் அடித்துப் பார்த்து, மெதுவாகப் பொருத்தி, "எவ்வளவு கச்சிதமா உக்காருது பாருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சர்வீஸில் அடையாளம் இத்தனை துல்லியமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை. "துண்டு எங்கே கிடைத்தது ஐயா?" என்று கேட்டேன். "என் சுவர்ல" என்றார் பல் டாக்டர்.

விதிப்படி, அடையாளம் காட்டியவரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். அவர் கேட்டதால் தங்கள் விலாசத்தையும், தாங்கள் எனக்கு அனுப்பியிருந்த அந்தப் போட்டோவையும் கொடுத்தேன். சுவரைத் தாங்கள் கட்டிக்கொடுத்தால் போலீஸுக்குப் போக மாட்டாராம். இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்கள்! ரசீது வாங்கிவிட்டேன், கவலை வேண்டாம்.

மகளுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. பாவம், அந்த லாரிக்காரனை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீண்ட ஆயுளும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும் யோகமும் தங்களுக்கு அமைய வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: என் கையெழுத்து தங்களுக்குப் புரியாதே என்று இதை மகளிடம் கொடுத்துச் சுத்தப் பிரதி எடுத்தேன், இந்தப் பின்குறிப்பு மட்டும் நான் எழுதுவது. அர்த்தத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்து எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்துவிட்டாள், கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. "தபால்ல போட்டா நாலு நாள் ஆகும்பா, நானே நேர்ல குடுத்துடறேன்" என்று பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை எட்டு மணி ரயில். ஸ்டேஷனுக்குக் காரில் வந்துவிடச் சொல்லி இன்றே தங்களுக்குப் போன் செய்துவிடுகிறேன்.