ஐஸ் பாய் கேட்ட நரகம்

நரகத்தின் மேல் அத்தனை பாசம் வைத்திருந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் விற்றதோ ஐஸ்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில், மரத்தூளுக்குள் ஐஸ் பாளங்களைப் புதைத்து வைத்திருப்பார். கேட் மூடினால் போதும், பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் அவருடைய கைதிகள். ஜன்னலோரமாகப் போய், "செய்யறதெல்லாம் நாமளா, மேல இருக்கறவனா? சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பிப்பார். ரயில் போய், பஸ்ஸும் போன பிறகு திரும்பிப் பார்த்தால் பாதி ஐஸ் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும்.

"பாயி, நரகத்த அப்புறம் பாத்துக்கலாம். என் மீனு இப்பவே நாறுது!" என்று மீன்காரம்மா கத்துவாள்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. கூட்டுறவு வங்கிக் குமாஸ்தாவான நானும் புதிதாக நாத்திகனாகியிருந்தேன். சாயங்காலமானால் பாயிடம் போய் வாயைக் கொடுப்பேன்.

"கடவுளே கெடையாது பாய்."

"சரி தம்பி. அப்ப மாரியப்பன் கேஸ யாரு விசாரிப்பா?"

அதோடு நானும் என் நாத்திகமும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். மாரியப்பன், பெரிய ராவுத்தர் பண்ணையில் அறுப்பு ஆள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, ராவுத்தரின் ஆட்கள் அவனைக் களத்திலேயே அடித்துக் கொன்றார்கள். போலீஸ் ஆடி அசைந்து வந்து சேரும்வரை அந்த உடலைக் காத்தது பாயின் ஐஸ்தான். கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒரு நாதி இல்லை. ராவுத்தர் மாலையும் கழுத்துமாக ஊர் திரும்பினார்.

"அவன் மவுத்து அன்னிக்கின்னு அல்லா எழுதிட்டான். நான் யாரு, தடுக்க?" என்று பள்ளிவாசல் முன்னாலேயே சொன்னார்.

"எழுதினது இருக்கட்டும். அடிங்கடான்னு சொன்னது உங்க வாயிதானே? அதுக்குத்தான் நரகம்" என்றார் பாய்.

ஜமாஅத்தில் அவருக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் ஆத்திரம். "தடுக்க முடிஞ்ச உங்க அல்லா ஏன் பாய் தடுக்கல?" என்று கேட்டேன். பாய் ஐஸ் உடைப்பதை நிறுத்தினார்.

"அத நானும் கேக்கத்தான் போறேன் தம்பி. கேக்கறதுக்கு அவன் இருக்கணும்ல?"

சில வருஷம் கழித்து ராவுத்தர் மெத்தையில் படுத்தபடி சுகமாகச் செத்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். ஐஸ் கேட்டு ஆள் வந்தது. கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். பாய் கேட்டதற்கு மேலேயே ஏற்றி அனுப்பினார்.

"எதுக்கு பாய் இவ்வளவு?"

"போற எடத்துக்கும் வேணும்ல."

அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு முன்னால், வழக்கப்படி பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார்: "இவரு யாருக்காச்சும் அநியாயம் பண்ணியிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." கூட்டம் முணுமுணுத்து மன்னித்தது.

"மன்னிக்க நாம யாரு? நாகம்மாளக் கேளுங்க!" என்று பாய் கத்தினார்.

மாரியப்பன் பெண்டாட்டி நாகம்மாள் பண்ணையாட்களோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அடிபட்டது எம்புருசந்தாங்க. அவரத்தான் கேக்கணும்."

தொழுகை அவசரமாக முடிந்தது. பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் பாய்க்கு ஐஸ் ஆர்டர் வரவில்லை. அவர் பேச, ஐஸ் முழுசாகவே உருகியது.

பாய் இறந்தபோதும் ஹஜ்ரத் அதே கேள்வியைக் கேட்டார். "என் மீன நாறடிச்ச மனுசன்! போகட்டும், மன்னிச்சேன்" என்று வெளியே நின்ற மீன்காரம்மா அழுதாள்.

எனக்கு இன்றைக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அத்தனை கேள்வியோடு போன மனுஷன், அங்கே பதில் சொல்ல ஆளில்லாமல் தனியாக நிற்கக் கூடாதே என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது.