வீடு பார்க்கப் போய் கேஸ் தூக்கிய கதை

பினாங்கில் காலியாக இருக்கும் வாடகை வீடு, நம் தமிழ்ப் பெயரைச் சொன்ன மறுநொடியே நிரம்பிவிடும். "ஐயோ, நேத்துதான் ஆள் வந்துட்டாங்களே" என்பார்கள். (அந்த நேற்று வந்த ஆளை இன்றுவரை எவனும் கண்ணால் கண்டதில்லை.) சில விளம்பரங்கள் யோக்கியமானவை. 'சீனர்களுக்கு மட்டும்' என்று போட்டுவிடும், நம் போன் செலவு மிச்சம்.

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவி லெட்சுமியும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், சுங்கை பாக்காப்பில் அவளுடைய அண்ணன் வீட்டு முன்னறையில் குடியிருந்தோம். எனக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. அவள் முழுகாமல் இருந்தாள். அண்ணி பாத்திரங்களை வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. பிள்ளை பிறப்பதற்குள் தீவுப் பக்கம் ஒரு வீடு கிடைத்தே ஆக வேண்டும்.

"உங்களுக்குத்தான் ஹொக்கியன் சீனம் தண்ணி பட்ட பாடாச்சே. அதுல பேசிப் பாருங்கலா" என்றாள் லெட்சுமி.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் சீனப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குணசீலன் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அதில் எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை வேறு. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு வயதான அம்மா, குரலில் தேன். பெயர் கேட்டார். அடுக்குமாடியில் எல்லாரும் என்னைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன்: ஆ குன். (பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.)

"நல்ல வேளை, நம்ம ஆளு கூப்பிட்ட. காலையிலேர்ந்து ஒரே இந்தியனுங்க போனு" என்றார் ஹொக்கியனில்.

"ஆமா ஆ சிம், தொல்லைதான்" என்றேன். ஆ சிம் என்றால் சித்தி. அந்த ஒரு 'ஆமா'வுக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். லெட்சுமிக்கு ஹொக்கியன் புரியாது. பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வீட்டைப் பார்க்க வரச் சொன்னார். நேரில் பார்த்தால் முகம் தெரியுமே? அதற்கும் திட்டம் வைத்திருந்தேன். கேட்டைத் திறந்ததுமே ஹொக்கியனில் பொழிந்து தள்ளிவிடுவது, அந்தப் பேச்சில் ஆ சிம் என் நிறத்தை மறந்துவிடுவார். (இப்படியும் ஒரு முட்டாள் இருந்தான்.)

நாங்கள் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது கேஸ் லாரி எதிர்வீட்டில் நின்றது. ஆ சிம் வாசலில் ஒரு கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், இறக்கி வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் நம்மாட்கள். நானும் நம்மாள்தான். கேட்டைத் திறந்த ஆ சிம் என்னைப் பார்த்தார், தோம்பைக் கைகாட்டினார்.

"அங்காட் மாசோக். டாப்போர் பெலாக்காங்" என்றார் மலாயில். உள்ளே தூக்கிட்டு வா, அடுப்படி பின்னால். அதே குரல். தேனை மட்டும் ஹொக்கியனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

வாயைத் திறந்தால் ஆ குன், திறக்காவிட்டால் கேஸ்காரன். கேஸ்காரனாக இருப்பது சுலபமாகப் பட்டது. தூக்கினேன்.

"என்னங்க பண்றீங்க?" கேட்டுக்கு வெளியே நின்ற லெட்சுமி பல்லைக் கடித்தாள்.

"சும்மா இரு. அப்படியே வீட்டைப் பாத்துட்டு வந்துர்றேன்."

நல்ல வீடு, அதுதான் கொடுமை. அடுப்படியில் காற்று வந்தது. தொட்டில் கட்ட ஒரு உத்தரம்கூடக் கண்ணில் பட்டது. மேசையில் எங்களுக்காகப் பப்பாளி நறுக்கி, இரண்டு முள்கரண்டி வைத்திருந்தார். நான் தோம்பை மாட்டி, ஒழுகுகிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். (செய்வன திருந்தச் செய்யும் வம்சம்.)

ஆ சிம் கடிகாரத்தைப் பார்த்தார், போனை எடுத்து அழுத்தினார். என் சட்டைப் பையில் நாதஸ்வரம் கிளம்பியது, கல்யாண ஞாபகமாக லெட்சுமி வைத்த ரிங்டோன்.

அணைத்திருக்கலாம். ஓடியிருக்கலாம். பாழாய்ப்போன கை, போன் அடிக்கிறதே என்று எடுத்துக் காதில் வைத்துவிட்டது.

"ஆ குன், எங்க இருக்க?"

"அடுப்படியில, ஆ சிம்."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம். இருவருமே காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"நீ இந்தியனா?" போனிலேயே கேட்டார்.

"ஆமா."

"வீட்டை... என் மகன் நேத்துதான் வேற ஆளுக்குக் குடுத்துட்டான்." அதையும் போனில்தான் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். கிளம்பும்போது என் கையில் இரண்டு வெள்ளியைத் திணித்தார், தோம்பு தூக்கிய கூலி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த மொழியும் வரவில்லை.

"வீடு எப்படிங்க?" என்று கேட்டாள் லெட்சுமி.

"நல்ல வீடு" என்றேன். பாலத்தில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் அழுதேன். வீடு போனதற்கு அல்ல, அந்த 'தொல்லைதான்' என்ற வார்த்தைக்கு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மகள் அந்த முன்னறைக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வாடகை வீடு தேடுவதற்கு 'கேஸ் தூக்கப் போறது' என்றே பெயர். மகளுக்கு இப்போது ஜார்ஜ்டவுனில் வேலை கிடைத்திருக்கிறது, அறை தேடுகிறாள். சீனப்பள்ளியில் படித்தவள், மாண்டரினில் என்னை விழுங்கிவிடுவாள். போன வாரம் எங்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள். ஹலோவுக்கு அடுத்த வார்த்தையே, "நான் இந்தியர், பரவாயில்லையா?" கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தாள்.

"என்னாச்சும்மா?" என்றாள் லெட்சுமி.

"கேஸ் தூக்கியாச்சும்மா. நேத்துதான் ஆள் வந்துட்டாங்களாம்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அடுத்த நம்பரை அழுத்தியிருந்தாள்.