சரசுவின் மாவுக்கட்டுக்குத் தண்ணீர் விட்ட கதை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை!

சுதந்திரம் வந்த மறு வருடம். மைசூரில் நான் கொத்தனார் வேலை பார்த்தேன். என் எட்டு வயது மகள் சரசு, நான் கட்டிய சுவரில் ஏறி விழுந்து முன்கையை முறித்துக்கொண்டாள். (சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.) ஆஸ்பத்திரியில் டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கி, மாவு தடவிய துணியை நனைத்துச் சுற்றினார். கண்ணெதிரே கல்லாக இறுகியது! நான் சொக்கிப்போனேன்.

"எலும்பு நகர்ந்தா கை கோணலாயிடும் மேஸ்திரி. கட்டு ஜாக்கிரதை" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கக் கூச்சம். கேட்பானேன்? புதுப் பூச்சைக் காப்பாற்ற எனக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்ததும் கட்டின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, மூன்று வேளையும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். புதுத் தூணுக்குச் செய்வதுதானே!

"ஏனுங்க, கைக்கட்டுக்கு எதுக்குங்க தண்ணி?" என்றாள் என் மனைவி பொன்னம்மா.

"தண்ணி விடாட்டி வெடிச்சுரும். உனக்கென்ன தெரியும்?"

மறுநாள் சரசு கத்தினாள்: "அப்பா, கட்டு கேசரியாட்டம் ஆயிருச்சு!"

தொட்டேன். விரல் உள்ளே போனது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சாக்கைப் பார்த்துத் திகைத்தார். "ஏன்ரீ, யாரு வேலை இது?" என்றார் கன்னடம் கலந்து.

"எங்கப்பாதான்! மூணு வேளையும் ஊத்துனாரு!" என்றாள் சரசு, பெருமையாக.

"வெள்ளையடிக்காம விட்டீங்களே, சந்தோஷம்." (வாளியில் சுண்ணாம்பு ஊறுவதை நான் சொல்லவில்லை.)

கையை அழுத்திப் பார்த்தார்.

"நகரலை" என்றார். புதுக் கட்டுப் போட்டுவிட்டு, பின்னாலேயே ஓடிவந்திருந்த பொன்னம்மாவிடம், "அம்மா, இவரைச் சொம்புப் பக்கம் விடாதீங்க" என்றார்.

கட்டைப் பிரித்த அன்று சரசுவின் கையை என் முன் நீட்டினார். "நேரா இருக்கா, நீங்களே பாருங்க மேஸ்திரி!"

கேலி என்று எனக்கு எங்கே புரிந்தது? சுவர் கோணலா என்று பார்க்க மடியில் வைத்திருக்கும் நூலை எடுத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்தேன். நாலு பேர் முன் வாய் திறக்காத நான், "மயிரிழை கோணலில்லீங்க!" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன். நர்சுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

போன மாதம் சரசுவுக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடிக்க மாப்பிள்ளை கூச்சப்பட்டார். பந்தல் முழுக்கக் கேட்கும்படி பொன்னம்மா சொன்னாள்: "தைரியமாப் புடிங்க மாப்பிள்ளை! அவங்கப்பா நூல் வெச்சுப் பாத்த கை!"

ஆடிப் பதினெட்டு, 1960.